வித்துப்போன கொத்தவரங்காய்ப் பாட்டு

ஓணாம்பாறை உறுமி செட்டில் மொத்தம் மூணு பேர். உறுமி அடிக்கிற மொக்கச்சாமிதான் தலைவர். தலைவர் என்றால் வேறொன்றுமில்லை, ஆட்டோவில் முன்சீட்டு அவருக்கு. ஜால்ரா ஒச்சப்பன். ஒரு தடவை சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய் வந்தவன், அதனால் சட்டம் தெரிந்தவன் என்று பேர். பாடுகிறவன் வீரணன். தொண்டை தங்கம். தொண்டைக்கு மேலேதான் ஒன்றும் கிடையாது.

வீரணனுக்குத் தவமணி மேல் ஆசை. தவமணிக்கும் வீரணன் மேல் ஆசை, ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஆண்டிபட்டியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அவளுடைய அப்பா ராசாங்கம் ஆட்டு வியாபாரி. அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"பங்குனிப் பொங்கலுக்கு வர்றேன். அந்தக் கொத்தவரங்காய்ப் பாட்டைப் பாடட்டும். மனசுக்குப் பிடிச்சா பொண்ணு அவனுக்கு. இல்லைன்னா சின்னமனூர் சிமெண்டுக்கடைக்காரனுக்கு."

கொத்தவரங்காய்ப் பாட்டு வீரணனே கட்டியது. ஒரு பெண் கொத்தவரங்காய்க் காட்டில் கொலுசைத் தொலைத்துவிட்டு, காடு பூராவும் தேடி, கடைசியில் தன் காலிலேயே கண்டுபிடிப்பாள். எட்டே வரி. கேட்டால் பந்தல்கால்கூட ஆடும்.

தவமணி அதைப் போனில் பிடித்து, பாட்டு விற்கிற ஒரு இணையதளத்தில் ஏற்றிவிட்டாள்.

"உலகத்துல எவன் வேணும்னாலும் இனி இதை வாங்கலாம். வித்துச்சுன்னா மொக்கச்சாமி அண்ணே போனுக்குச் செய்தி வரும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். புரியுதா? ஒண்ணுமே!" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

மூணு பேரும் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. வீரணன் கையை நீட்டினான்.

"டேய், என்ன செய்யுற?" என்றார் மொக்கச்சாமி.

"டீ குடிக்கிறேண்ணே."

"குடிக்கிறதும் செய்யுறதுதானடா?"

டீ ஆடை கட்டி ஆறிப்போனது. சாயங்காலம் போன் கிணுகிணுத்தது. ஒச்சப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பின்லாந்தில் ஒரு ஆள் பாட்டை வாங்கிவிட்டான்!

வீரணனுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்து அந்தப் பாட்டையே எடுத்துவிட்டான். ஒச்சப்பன் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினான்.

"வித்த பொருளை வாயில போடுறியே, வெக்கமா இல்ல?"

"என் பாட்டுடா!"

"காலைல வரைக்கும்தான் உன் பாட்டு. ஆட்டை ஒருத்தனுக்கு வித்துட்டு, மறுநாள் நீயே போய்ப் பால் கறந்தா அதுக்குப் பேரு என்னண்ணே?"

மொக்கச்சாமி வெகுநேரம் யோசித்தார். "களவு."

"அப்ப பங்குனிப் பொங்கலுக்கு நான் எதைப் பாடுறது?" என்றான் வீரணன்.

"அந்தப் பின்லாந்துக்காரன் வந்து பாடுவான். நீ கீழ உக்காந்து கேளு," என்றான் ஒச்சப்பன்.

அன்றிலிருந்து காவல்தான். காட்டில் காய் பறிக்கிற பெண்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்தால் மொக்கச்சாமி வரப்பில் நின்று, "ஆத்தா, அது வெளிநாட்டுக்காரன் சொத்து, கீழ வைங்க" என்று கும்பிட்டார். அவர்கள் கொத்தவரங்காயைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்கள்.

மறுநாள் பிரேசிலில் ஒரு அம்மா வாங்கினாள்.

ஒச்சப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அண்ணே, ஒரே ஆட்டை ரெண்டு பேருக்கு வித்திருக்கோம்."

"ஐயையோ. இதுக்கு என்னடா தண்டனை?"

"ஏழு வருசம்."

"யாருக்கு?"

"பாடுனவனுக்கு."

வீரணன் அழுதேவிட்டான். மொக்கச்சாமி அவன் முதுகைத் தட்டினார். "விடுறா. ஒரு ஆட்டை ரெண்டு பேரு கேட்டா என்ன பண்ணுவோம்? கூறு போட்டுருவோம்." அப்படியே ஆனது. மேல் நாலு வரி பின்லாந்துக்கு, கீழ் நாலு வரி பிரேசிலுக்கு.

ஆனால் ஆள் வந்துகொண்டே இருந்தது. ஜப்பான்காரன் வந்தான், கென்யாக்காரி வந்தாள். ஒவ்வொருத்தர் வரும்போதும் பழைய கூறிலிருந்து கொஞ்சம் அரிந்து புதுக் கூறு போட்டார்கள். ஒரு வாரத்தில் எட்டு வரியும் துண்டு துண்டாகப் போய்விட்டது. போலந்துக்காரனுக்கு 'கொலுசு' என்ற ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. பாவம், லேட்டாக வந்தான்.

வீரணன் தவமணிக்குப் போன் போட்டான். "தவம், எல்லாம் வித்துப்போச்சு. இனி நான் எதைப் பாடி உன்னைக் கட்டுறது?"

மையத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். "எத்தனை பேரு வாங்குனாலும் பாட்டு உன்கிட்டயேதான் இருக்கும், லூசு. வை போனை," என்றாள் தவமணி.

வீரணன் இதைச் சொன்னதும் ஒச்சப்பனுக்கு முகம் வெளுத்தது. "பாட்டு இன்னும் நம்மகிட்டயே இருக்காமா? அப்ப ஒருத்தருக்கும் போய்ச் சேரலண்ணே! விலையை வாங்கிட்டுப் பொருளை அமுக்கிட்டோம்!"

"நம்மகிட்ட எங்கடா இருக்கு?"

"மண்டைக்குள்ள. நாம மறந்தாத்தான் அது கிளம்பும்."

ஆக, மறக்க ஆரம்பித்தார்கள். மொக்கச்சாமி போகும்போதும் வரும்போதும் சோதனை போட்டார்.

"வீரணா, மறந்துட்டியா?"

"எதைண்ணே?"

"கொத்தவரங்காய்ப் பாட்டை."

"மறந்துதான் இருந்தேன். நீங்க இப்ப எடுத்துக் குடுத்துட்டீங்க."

"சரி, முதல்ல இருந்து மற."

ஒருவழியாகப் பங்குனிப் பொங்கல் வந்தது. பாட்டு போகவில்லை. வீரணனுக்குத் தூக்கமும் சாப்பாடும்தான் போயிருந்தது. மேடைக்கு எதிரே முதல் வரிசையில் ராசாங்கம் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே சிமெண்டுக்கடைக்காரன், புதுச் சட்டையில். தவமணி மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாள்.

"என்ன நின்னுக்கிட்டு இருக்க? ஏறிப் பாடு!"

"அடுத்தவங்க பொருளை எப்படித் தவம் பாடுறது?"

நடந்ததையெல்லாம் ஒச்சப்பன் விளக்கினான், கூறு வாரியாக. தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு தன் போனை எடுத்து நாலு தட்டுத் தட்டினாள்.

"இந்தா, நானும் காசு கட்டி அந்தப் பாட்டை வாங்கிட்டேன். இப்ப நானும் ஒரு முதலாளி. என் பாட்டை நீ பாடு."

மொக்கச்சாமி கையை விரித்தார். "லேட்டா வந்துட்டியே தாயி. எட்டு வரியும் போயிருச்சே."

"ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

மூணு பேரும் தள்ளிப் போய் நின்று தலையோடு தலை முட்டிப் பேசினார்கள். ஒச்சப்பன் திரும்பி வந்தான்.

"நீ போன்ல பிடிச்சதுல, பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி வீரணன் ஒரு இருமல் இருமியிருக்கான். அது யாருக்கும் போகல."

"அது என்னுதா?"

"முழுக்க முழுக்க உன்னுது. பங்காளியே கிடையாது."

தவமணி வானத்தைப் பார்த்தாள். சாமியைத்தான் தேடினாள் போல. "சரி, அதையாவது இருமித் தொலை."

வீரணன் மேடை ஏறினான். மைக்கைப் பிடித்தான். தவமணியைப் பார்த்தபடியே இருமினான். மொக்கச்சாமியின் உறுமி கிர்ரென்று பதில் சொன்னது, ஜால்ரா கலகலத்தது. மறுபடி இருமினான். தாழ்வாகத் தொடங்கி மேலே ஏற்றி, உச்சியில் நிறுத்தி, லொக்கு லொக்கென்று கொட்டினான். சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பின்வரிசையில் யாரோ இன்னொரு தடவை என்று கத்தினார்கள். சிமெண்டுக்கடைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். "எனக்கு ஒட்டிக்கும், வர்றேன் மாமா" என்று நடையைக் கட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி இருமலுக்கு ராசாங்கத்தின் கண் கலங்கியிருந்தது.

"சுருதி சுத்தமா இருமுறான். பயலைப் பிடிச்சிருக்கு," என்றார். தவமணிக்கு உயிர் வந்தது. "ஆனா நெஞ்சுல இம்புட்டு இருமலை வச்சிருக்கிறவனுக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்குறது? டாக்டர் பாத்து நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். சித்திரையில முகூர்த்தம்."

மறுநாளே மூணு பேரும் ஆஸ்பத்திரியில். டாக்டர் வீரணனின் முதுகில் குழாயை வைத்தார்.

"எங்க, ஒரு தடவை இருமுங்க."

வீரணன் மொக்கச்சாமியைப் பார்த்தான். மொக்கச்சாமி ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் கூடாது என்று தலையை ஆட்டினான்.

"முடியாதுங்க டாக்டர். அது தவமணியோடது," என்றான் வீரணன்.

"எது?"

"இருமல். நேத்துதான் வாங்குனா."

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "இங்க பாருங்க, இருமினாத்தான் நல்லாயிருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்."

கல்யாணமே அதில்தான் நிற்கிறது. ஒச்சப்பன் உடனே தவமணிக்குப் போன் போட்டு, டாக்டர் மேஜை மேலேயே வைத்தான். "தாயி, உன் இருமலை ஒரு நிமிசம் இரவல் தருவியா? டாக்டர் கேக்குறாரு."

போனிலிருந்து, "எடுத்துக்கங்கடா, பாவிங்களா!" என்று ஒரு கத்தல் வந்தது.

வீரணன் இருமினான். டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒரு குறையுமில்ல, போகலாம்."

போகவில்லை. வீரணன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். ஒச்சப்பன் மஞ்சப்பையைப் பிரித்து அவன் வாயருகே பிடித்தான். "ம், விடு." வீரணன் உள்ளே ஊதினான். மொக்கச்சாமி பையின் வாயைச் சுருட்டி, காற்றுப் போகாமல் ரெண்டு முடிச்சுப் போட்டார்.

"இரவல் வாங்குன பொருளு டாக்டர்," என்றார். "பஸ்ல கூட்டம் ஏறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துரணும். நசுங்கிருச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"