ஜெனரல் கல்லின் பின்பக்கம்

மணற்பாளையம் பட்டாளத் தண்டில் ஜெனரல் ஆர்க்வெல் துரை சாகக் கிடந்தபோது கட்டிலருகே நின்றவர் சுபேதார் ராயப்பன். அந்தத் துரை போட்ட கையெழுத்தால் சொந்தத் தம்பியைப் பறிகொடுத்தவர். கேட்டால் வயிறு எரிகிற கதைதான், ஆனாலும் கேளுங்கள்.

தம்பி சின்னப்பனும் அதே பட்டாளத்துச் சிப்பாய். பஞ்சம் வந்த வருஷம், பசி பொறுக்காத ஜனங்கள் சர்க்கார் தானியக் கிடங்கை உடைத்தார்கள். சுடச் சொல்லி உத்தரவாயிற்று. சின்னப்பன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான். "பட்டினி கிடக்கிறவங்களைச் சுட எனக்குக் கை வராது" என்றான். பட்டாளத்துச் சட்டம் அவனையே சுட்டுக் கொன்றது. கல்லறைத் தோட்டத்துக்குள் அவனுக்கு இடம் கிடையாது, பெயர் சொல்ல ஒரு கல்லும் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மதிலுக்கு வெளியே கள்ளிப் புதரடியில் புதைத்தார்கள்.

தீர்ப்பில் போட்ட கையெழுத்து ஜெனரலைத் தூங்க விடவில்லை. சின்னப்பனுக்கு ஒரு கல் வைக்க மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். கடைசியில் ராயப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராயப்பா, என்னை அந்த மதிலோரமாகப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் தம்பி பெயர் கல்லில் ஏறும் முன்னால் என் பெயர் ஏறக் கூடாது. வாக்குக் கொடு."

சாகிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ராயப்பன் கையடித்துக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த சூட்டோடு சூடாக, ஜெனரலுக்கு மதிலை மிஞ்சுகிற உயரத்தில் நினைவுத்தூண் நிறுத்த உத்தரவு வந்துவிட்டது. ஒரு சுபேதார் சொன்னால் அது நிற்குமா? ராயப்பன் கல்தச்சர் வடமலை ஆசாரியின் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதார். "கல்லை உடைச்சுப் போட்டாவது தடுத்திடுங்க ஆசாரி" என்று கெஞ்சினார்.

ஆசாரி உளியைத் தீட்டிக்கொண்டே, "உங்க தம்பி அன்னைக்குச் சுடாம விட்ட கூட்டத்துல என் பொண்டாட்டியும் நின்னா, சுபேதாரய்யா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

பிறகு ஒருநாள் ராயப்பன் அந்த வழியாகப் போனார். முகப்பில் இன்னும் எழுத்து ஏறாத கல் குப்புறக் கிடந்தது. ஆசாரி அதன்மேல் குந்தி உளியைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம்தான் கல்லைப் புரட்டிப் போட்டு ஜெனரல் பெயரைத் தொடங்கினார். எழுத்து ஏற ஏற ராயப்பன், வாக்கும் போயிற்று, மானமும் போயிற்று என்று சோறு இறங்காமல் கிடந்தார்.

திறப்பு விழா வந்தது. கித்தான் போட்டு மூடிய தூணின் முன்னால் கர்னல், கறுப்பு உடையில் ஜெனரலின் மனைவி துரைசானி, இடுப்பில் வாளோடு ராயப்பன். கித்தானை இழுத்ததும் மதிலுக்கு வெளியே 'ஓ'வென்று அழுகைச் சத்தம். என்னவென்று கர்னல் சுற்றிப் போய்ப் பார்த்தார். தூணின் பின்பக்கத்தில், மதிலுக்கு மேலே, வெளியே இருப்பவர்கள் பார்க்கும்படி 'சிப்பாய் சின்னப்பன்' என்று வெட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் மண்ணில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவன் வேலை இது?"

ஆசாரிக்குக் கசையடி நிச்சயம். உயிர் தப்பினாலே பெரிது. அவர் வாயைத் திறக்கும் முன் ராயப்பன் முன்னால் வந்தார்.

"நான்தான் துரை. ஜெனரல் உத்தரவுன்னு பொய் சொல்லி ஆசாரியை வெட்ட வெச்சேன்."

அங்கேயே வாளைப் பிடுங்கினார்கள், பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள். இருபது வருஷச் சேவகம் மண்ணாய்ப் போயிற்று. "அந்தப் பெயரைச் செதுக்கி எறி!" என்று கர்னல் ஆசாரியைப் பார்த்துக் கத்தினார்.

துரைசானி முகத்திரையை விலக்கினார். "அப்படியே என் கணவர் பெயரையும் செதுக்கி எறியுங்கள். அவர் தூக்கத்தில் பிதற்றிய பெயர் அது."

கர்னல் முகம் செத்துவிட்டது. சர்க்கார் நிறுத்திய கல்லில் ஜெனரல் பெயரை அழிக்க அவருக்கு ஏது தைரியம்? இரண்டு பெயரும் தங்கிவிட்டன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெயரை வெட்டியவர் ஆசாரி. பழியை ஏற்றுப் பட்டையை இழந்தவர் சுபேதார். கணவர் பெயரையே பணயம் வைத்தவர் துரைசானி. செத்தவருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றியது இவர்களில் யார்?

விடை: வடமலை ஆசாரிதான். தம்பி பெயர் முதலில் ஏற வேண்டும் என்பதுதானே ஜெனரல் கேட்ட வாக்கு? கல் குப்புறக் கிடந்ததை மறந்துவிடாதீர்கள். ஆசாரி பின்பக்கத்தை முடித்துவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தொட்டார். துரைசானி காத்தது ஏற்கெனவே ஏறிவிட்ட பெயரை. ராயப்பனோ, வாக்குத் தவறிவிட்டோம் என்றே நம்பிக்கொண்டு, ஆசாரியின் முதுகைக் காப்பாற்றத்தான் முன்னால் வந்தார். வெறும் இடுப்போடு அவர் வீடு திரும்பும்போது ஆசாரி பின்னாலேயே ஓடிவந்தார். "உங்க தம்பி பேருதான் முதல்ல ஏறுச்சு, ஐயா" என்றார். அதைக் கேட்டதும் ராயப்பன் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.