முடிச்சில்லாத போர்வை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைமேல் இருந்த ஒரு சிற்றூருக்குத் தையல்சிட்டுதான் தையல்காரி. கட்டைவிரல் அளவு உடம்பு, ஊசி போன்ற மூக்கு. அவள் தைத்த இடத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்குக் கர்வம் அதிகம்.

அந்த ஊரில் குளிருக்குப் பஞ்சுப் போர்வைதான் போர்த்துவார்கள். இரண்டு துணிகளுக்கு நடுவே இலவம்பஞ்சை வைத்து, சுற்றிலும் ஓரம் மட்டும் தைத்திருக்கும். உள்ளே இருக்கும் பஞ்சுக்குப் பிடிப்பு கிடையாது. கொஞ்ச நாளில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பெண்கள் தினமும் உதறி உதறிச் சரிசெய்வார்கள்.

அந்த ஊர் வேலாயிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தை நனைத்து நனைத்துப் போர்வை நாறிப்போனது. வேலாயி ஒரு நாள் நாற்றம் பொறுக்காமல் அதை அப்படியே ஓடையில் முக்கி அலசிவிட்டாள். காய்ந்த பிறகு பார்த்தால் பஞ்சு கட்டிகட்டியாக உருண்டு கிடந்தது. மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வேறு போர்வைக்கு வழியில்லை. சிட்டிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பஞ்சோட அலசினியா?" என்று கேட்டாள் சிட்டு. "உன் புருஷனையும் இப்படித்தான் ஓடையில முக்கி எடுப்பியா?"

"கேலி பண்ணாதேக்கா. ஒரு பக்கம் எருமைக்கன்னு படுத்த மாதிரி மொத்தையா இருக்கு, ஒரு பக்கம் வெறுந்துணி. புள்ளைக்கு இது ஒண்ணுதான். நல்லா மூட்டிக் குடு."

பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து, கட்டிகளைப் பிய்த்து, வெயிலில் காயவைத்து அடைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. சிட்டுக்கோ ஊர்த்தலைவர் மகளின் கல்யாணத் துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. அவள் போர்வையைக் குச்சியால் நாலு தட்டுத் தட்டினாள். கட்டிகளை அங்குமிங்கும் தள்ளிவிட்டு, பழைய ஓரத்தைப் பிரித்துப் புதிதாகத் தைத்தாள். மறுநாள் பார்க்கப் போர்வை புதுசு போலப் புடைத்திருந்தது.

வேலாயி தடவிப் பார்த்தாள். "அக்கா, நடுவுல அங்கங்க ஒரு முடிச்சுப் போட்டா பஞ்சு நகராதில்ல?"

"முடிச்சா? என் தையல்ல முடிச்சா? அது சாக்கு தைக்கிறவன் வேலை. ஊரே சிரிக்கும், போடி."

தலைவர் வீட்டுப் பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். வேலாயி போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கப் பஞ்சு அடிப்பக்கம் சரிவதைச் சிட்டு பார்த்தாள். 'போர்த்துமுன் தொட்டுப்பார்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதே நேரம் வேலாயியும் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் தலைவர் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். தன் வேலையைத் தானே குறை சொல்வதா? சிட்டு அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தூறல் பிடித்தது. அறுத்துப் போட்ட சாமைக்கதிர் காட்டில் கிடந்தது. நனைந்தால் முளைத்துவிடும், அந்த வருஷத்துச் சோறு போய்விடும். பச்சைப்பிள்ளையைத் தனியே விட்டுப் போகலாமா என்று கேட்கலாம். வேலாயியும் அதைத்தான் பத்துத் தரம் யோசித்தாள், வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினாள். கடைசியில் அடுப்பில் பெரிய கட்டையாக வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, போர்வையைக் கழுத்துவரை போர்த்திவிட்டுப் புருஷனோடு காட்டுக்குப் போனாள்.

காற்று கூரையைப் பிய்த்தது. மழைத்தண்ணீர் ஒழுகி அடுப்பு அணைந்தது. பிள்ளை குளிரில் உதைத்து உதைத்து அழுதது. உதைக்க உதைக்கப் பஞ்சு முழுவதும் காலடிக்குப் போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில் வேலாயி ஓடிவந்து பிள்ளையைத் தொட்டாள். நெஞ்சு கல்லாகச் சில்லிட்டிருந்தது. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது.

அவள் போர்வையைத் தூக்கிக்கொண்டு சிட்டின் வாசலுக்குப் போனாள். கல்யாணத் துணிகளுக்கு மேலேயே அதை விரித்துப் போட்டாள்.

"மூட்டிக் குடுன்னே... மூட்டிக் குடுத்தேன்" என்றாள் சிட்டு.

"ஆமாக்கா. ஓரம் அழகாத்தான் இருக்கு. ஒரு நூல் பிரியல." வேலாயி அவள் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்கு நான் திரும்பினப்ப வாயைத் திறந்தியே. என்ன சொல்ல வந்தே?"

சிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். விழுங்கிய சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அது நின்ற இடம் கறுத்துப்போனது.

வேலாயி அங்கேயே உட்கார்ந்தாள். ஓரத்தைக் கிழித்து, பஞ்சைப் பிய்த்துப் பரப்பி, கோணியூசியால் சாணுக்கு ஒரு முடிச்சாகக் குத்திக் குத்திக் கட்டினாள். கோணல்மாணலான, அசிங்கமான முடிச்சுகள். சிட்டு உதவ வந்தாள். வேலாயி அவள் மூக்கைத் தள்ளிவிட்டாள். தைத்து முடித்ததும் அந்தப் போர்வையில் பிள்ளையைச் சுற்றி மண்ணுக்குள் வைத்தார்கள். பஞ்சு ஓர் இடத்திலிருந்தும் நகரவில்லை.

அன்று இரவே ஊர்ப்பெண்கள் தங்கள் போர்வைகளை எடுத்துச் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். சிட்டிடம் மறுபடி யாரும் துணி கொண்டுவரவில்லை. அவள் செடிக்குள் போய் ஒளிந்தாள். இலைகளைச் சேர்த்துத் தன் குஞ்சுகளுக்குக் கூடு தைத்தாள். ஒவ்வொரு துளையிலும் ஒரு முடிச்சுப் போட்டாள். உள்ளே பஞ்சை அடைத்து, நெஞ்சை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மனிதப் பேச்சு அவளுக்கு மறந்துபோனது, மாட்டிக்கொண்ட அந்த ஒரு சொல்லைத் தவிர.

அன்று முதல்தான், பஞ்சுப் போர்வைக்கு நடுவே முடிச்சு வந்தது. தையல்சிட்டு தொண்டையை நீட்டிக் கத்தும்போதெல்லாம் கழுத்தில் அந்தக் கறுப்பு தெரிகிறது. கேட்க வேண்டியவள் போய் எவ்வளவோ காலமான பிறகும் அது வேலிக்கு வேலி கத்திக்கொண்டே இருக்கிறது: தொட்டுப்பார், தொட்டுப்பார், தொட்டுப்பார்.