விட்ட இடம்

"விட்ட இடத்தைக் காணோம், டீச்சர்" என்றாள் சௌந்தரம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த பெர்பெத்துவா டீச்சர் தலை முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில், தோளில் பையும் நரைத்த தலையுமாக நின்ற அந்நியப் பெண்ணைப் பார்த்தாள். தன்னைவிட முப்பது வயதாவது மூத்தவள்.

"எந்த இடம்மா?"

"நடந்து வந்து, விட்ட இடம்."

விடை தெரியாத கேள்விகளை எல்லாம் டீச்சரிடம் அனுப்பிவிடுவது அந்த ஊர் வழக்கம். கல்லறையில் பெயர் பொறிக்க எழுத்து கேட்டு வருவார்கள். கோபித்துக்கொண்டு போன மருமகளுக்கு என்ன எழுதுவது என்று கேட்டு வருவார்கள். சௌந்தரத்தை ஒரு படகுக்காரர் அனுப்பியிருந்தார்.

"உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

சௌந்தரம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவளும் லில்லியும் ஒரே தபால் நிலையத்தில் அடுத்தடுத்த சன்னல்களில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர்கள். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரமாகவே நடப்பது என்று ஒரு நாள் லில்லி சொன்னாள். சௌந்தரம் சரி என்றாள். ஒரே மூச்சில் முடியாது. தை மாதம் தோறும் பத்து நாள். நின்ற இடத்தில் அடையாளம் பார்த்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த தையில் அதே இடத்துக்கு வந்து, பத்தடி பின்னால் போய், அங்கிருந்து தொடங்குவார்கள்.

அந்தப் பத்தடி லில்லியின் சட்டம்.

"தைக்கும்போது ஒரு தையல் பின்னால போட்டுட்டு முன்னால போறோமில்ல? அது மாதிரி. இல்லைன்னா பிரிஞ்சிடும்" என்பாள்.

ஒன்பதாவது தையில் இந்த ஊரில் நின்றார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

"அடையாளம் என்ன?" என்றாள் டீச்சர்.

"நீல வண்ணம் அடிச்ச ஏலக்கொட்டகை. மீன் ஏலம் விடுவாங்களே, அது. அதோட தெற்குத் தூண்."

"நீலக் கொட்டகையா! அது கடலுக்குள்ள போயி மூணு வருசம் ஆச்சே."

"தெரியும். படகுக்காரர் சொன்னார். அவர்கிட்டயே படகுல கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"'கரையில நடக்கேன்னுதானே கெளம்புனீய? கடல்ல எறங்கி எங்க நடக்கப் போறீய? இதெல்லாம் டீச்சர் விவகாரம்'னார்."

டீச்சர் சிரித்தாள். சௌந்தரம் சிரிக்கவில்லை.

கடலைப் பார்த்த வரிசையில் பாதி வீடுகளுக்குக் கதவு இல்லை. ஒரு வீட்டுக்குள் அலை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"கடல் ஏற ஏற ஏலக்கொட்டகை பின்னால வந்திருச்சு. டீக்கடை வந்திருச்சு. இந்தப் பள்ளிக்கூடம் ரெண்டு தடவை வந்திருக்கு. ஊர்ப்பேரு மட்டும் அதே பேரு" என்றாள் டீச்சர்.

"ஆளுங்க?"

"வந்தவங்க வந்தாங்க."

டீச்சர் முக்காட்டை எடுத்து மடித்தாள்.

"புதுக் கொட்டகைக்கும் தெற்கே ஒரு தூண் இருக்கு. அதுல இருந்து தொடங்கலாமே."

"அது அந்த இடம் இல்லையே."

"இல்லைதான்" என்றாள் டீச்சர்.



"அன்னிக்கு அவளுக்கு மூச்சு வாங்கிச்சு" என்றாள் சௌந்தரம். "தூண்ல சாஞ்சு உக்காந்துட்டா. இன்னிக்குக் கணக்குக்கு இன்னும் ஒரு மைல்தானே, எந்திரின்னு சொன்னேன். கொஞ்சம் எரிச்சலாத்தான் சொன்னேன். அவ செருப்பைக் கழட்டி, குதிகாலால மணல்ல ஒரு கோடு போட்டா. இதுக்கு மேல அடுத்த வருஷம்னா."

"அப்புறம்?"

"ஆனி மாசம் போயிட்டா. ஆஸ்பத்திரியில கடைசியாப் பேசினதும் இதுதான். 'நான் வரலைன்னாலும் அந்த இடத்துல இருந்துதான் தொடங்கணும். ஒரு அடி விட்டாலும் இதுவரை நடந்தது செல்லாது'ன்னா."

சௌந்தரம் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தை வரலை. பயமா இருந்துச்சு. இப்ப வந்தா, இடத்தையே காணோம். வேற இடத்துல காலை வச்சா அவளை ஏமாத்துன மாதிரி. வைக்காமத் திரும்பிப் போனாலும் அப்படித்தான். சொல்லுங்க டீச்சர், நான் எங்க இருந்து நடக்கணும்?"

டீச்சர் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினாள்.

"கொட்டகை இருந்த இடத்துக்கு நேரே கரையில கொண்டு போய் விடுதேன். அங்க வச்சுப் பேசுவோம். பை தோள்லயே இருக்கட்டும்."

கரைக்கு வந்து தெற்கே நடந்தார்கள். கடல் இடது கைப்பக்கம் இருந்தது. அதன் பக்கமாக டீச்சர் நடந்தாள்.

"அவங்க வேகமா நடப்பாவளா?"

"யாரு, லில்லியா? ஆமை. ஆனா நிக்க மாட்டா."

"சண்டை போடுவீயளா?"

"தினமும்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். தேங்காய்ச் சட்னிக்கு ஒரு நாள் முழுக்கப் பேசாம நடந்தோம்."

டீச்சர் அடுத்ததைக் கேட்பதற்காகக் காத்திருப்பவள் போல நடந்தாள்.

சௌந்தரத்தின் வீட்டில் லில்லியைப் பற்றிக் கேட்பவர் யாரும் இல்லை. வீட்டில் யாருமே இல்லை. நான்கு வருடமாக வாய்க்குள்ளேயே கிடந்த பெயர், முதலில் தட்டுத் தடுமாறித்தான் வெளியே வந்தது. பிறகு நிற்கவில்லை.

கொதிக்கும் மணலில் லில்லி தன் செருப்பை நண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சாதித்த கதையைச் சொன்னாள். நாகூரில் மழைக்கு ஒதுங்கிய கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்ததைச் சொன்னாள்.

"அப்புறம் வேதாரண்யம் பக்கத்துல ஒரு போலீஸ்காரர். ரெண்டு கிழவிங்க மூட்டையோட வர்றாங்களேன்னு நிறுத்திட்டார். 'எங்கம்மா போறீங்க?'ன்னார். இவ, 'இந்தா, பக்கத்துலதான். கன்னியாகுமரி'ங்கறா."

"ஐயோ!"

"'எங்கேர்ந்து வர்றீங்க?'ன்னார். 'அதுவும் பக்கம்தான். பழவேற்காடு.' அவர் எங்க பையைச் சோதனை போடலை, டீச்சர். குனிஞ்சு எங்க செருப்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்று, முழங்காலில் கை ஊன்றிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பவும் சிரித்தாள். பிறகு அது சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி ஆகி, அடங்கியது.

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெயில் ஏறியது. ஊர்ச் சத்தம் நின்றுபோனது. மணல் மேடு ஒன்று குறுக்கே வந்த இடத்தில் டீச்சர் நின்றாள்.

"நான் இம்புட்டுத்தாம்மா. வீட்ல போயி உலை வைக்கணும்."

சௌந்தரம் சுற்றிலும் பார்த்தாள். மேட்டுக்கு அந்தப்பக்கம் கரை போய்க்கொண்டே இருந்தது. ஆள் யாரும் இல்லை.

"இங்கதானா கொட்டகை இருந்துச்சு?"

"இங்க இல்ல. அதைத் தாண்டி ரொம்ப நேரம் ஆச்சே."

"தாண்டியாச்சா?" சௌந்தரம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் டீச்சர் சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள் டீச்சர். "நீங்க சிரிச்சிட்டு இருந்தீய."