சேறு பூசிய செங்கமலம்

காட்டோரத்து ஏரி ஒன்றில் கார்மேகம் என்ற எருமைக்கடா வாழ்ந்து வந்தது. அதன் முதுகே கதி என்று மஞ்சள்மூக்கி என்ற மைனா ஒன்றும் இருந்தது. எருமைக்கு உண்ணித் தொல்லை இல்லை. மைனாவுக்குப் பசித் தொல்லை இல்லை. மைனா ஓயாமல் பேசும். எருமை பாதியைக் கேட்டு, பாதிக்குத் தூங்கிவிடும். அதனால் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

ஒரு கோடையில் அந்த ஏரிக்கரைக்கு ஒரு வெள்ளைப் பன்றி வந்து சேர்ந்தது. பெயர் செங்கமலம். பண்ணையில் பிறந்து, கொட்டகைக்குள்ளேயே வளர்ந்தது. அதை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன லாரி காட்டுப் பாதையில் பஞ்சராகி நின்றது. பின்கதவை யாரோ சரியாகத் தாழிடவில்லை. செங்கமலம் குதித்து ஓடிவந்துவிட்டது. அப்போது அது நிறைசூலி.

'என் வயித்துல இருக்கிறதுகளாவது தராசைப் பார்க்காம வளரட்டும்!' இதுதான் அதன் ஒரே ஆசை.

தராசிடமிருந்து தப்பியது சரி, வெயிலிடமிருந்து தப்ப முடியவில்லை. கூரைக்குக் கீழே வளர்ந்த தோல் அல்லவா? அரைப் பொழுதுக்குள் காது மடல்கள் சிவந்தன. முதுகு தகதகவென்று எரிந்தது.

"ஐயோ, உடம்பெல்லாம் பத்தி எரியுதே!" என்று அலறியது செங்கமலம்.

சேற்றிலிருந்து ஒரு கரிய தலை எழுந்தது. "அழாதே தங்கச்சி! இப்படி வந்து புரளு!" என்றது கார்மேகம்.

"சேத்துலயா? நான் சிமெண்ட் தரையில வளர்ந்தவ அண்ணே!"

"அந்தச் சிமெண்ட் தரையைக் கையோட கொண்டு வந்திருக்கியா? இல்லையே! வா, புரளு. வெயில் உன் தோலைத் தொடணும்னா முதல்ல இந்தச் சேத்தைத் தாண்டி வரட்டும். காது மடல், கழுத்து மடிப்பு, எதையும் விட்டுடாதே!"

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. புரண்டது. மறுபடி புரண்டது. எரிச்சல் அடங்கி, உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதன் கண்களில் நீர் வந்துவிட்டது. பண்ணையில் அதன் எடையைக் கேட்டவர்கள் நிறையப் பேர். எரிகிறதா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

"அண்ணே, இந்த உதவியை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்!" என்றது.

மறுநாள் காலையில் செங்கமலம் தானாகவே சேற்றில் இறங்கிப் புரண்டது. பெருமையாகக் கரையேறி மேயப் போனது. வெயில் ஏறியது. மஞ்சள்மூக்கி பறந்து வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது.

"அக்கா! சேறு காய்ஞ்சு உதிருது! போய் மறுபடியும் பூசிக்குங்க!"

"காலையிலயே பூசியாச்சு!"

"பூசியாச்சு, சரி. உதிர்ந்தும் போயாச்சே!"

"அடி போடி! எங்க கொட்டகைச் சுவருக்குப் பொங்கலுக்கு ஒரு தரம் வெள்ளையடிப்பாங்க. அடுத்த பொங்கல் வரைக்கும் அப்படியே நிக்கும். நான் என் கண்ணால பார்த்தவ! சுண்ணாம்பு நிக்கும்போது சேறு நிக்காதா?"

பாவம், மைனா சுவரையும் பார்த்ததில்லை, பொங்கலையும் பார்த்ததில்லை.

நாமும் செங்கமலத்தைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். காலையில் ஒரு தரம் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு, சாயங்காலம் வரை கிரிக்கெட் ஆடிவிட்டு, "பூசித்தானே போனேன்? அப்புறம் ஏன் எரியுது?" என்று அம்மாவிடம் சண்டை போடுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு!

மைனா விடவில்லை. உச்சிப் பொழுதில் "மறுபடியும்!" என்றது. வெயில் சாயும்போது வந்து "இன்னொரு தரம்!" என்றது. மறுநாளும் அதே பாட்டு. செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றுக்குப் போய் வந்தது. எரிச்சலே வராததால், மைனாவின் தொணதொணப்புதான் அதற்கு எரிச்சலாகத் தெரிந்தது.

கடைசியில் ஒருநாள் வெடித்துவிட்டது.

"எப்பப் பார்த்தாலும் நொய் நொய்னு! பூசியாச்சுன்னா பூசியாச்சு! இனிமே அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சு, உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்!"

மஞ்சள்மூக்கிக்கும் ரோஷம் உண்டு. "சரி அக்கா. இனிமே நான் வாயே திறக்கலை!" என்று சொல்லிவிட்டு எருமையின் முதுகுக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை, ஒரு மயில் சேதி கொண்டுவந்தது. மலையடிவாரத்தில் காட்டு வள்ளிக்கிழங்கு விளைந்து கிடக்கிறதாம்! செங்கமலத்துக்கு நாக்கில் நீர் ஊறியது. தனக்கும் பசி, வயிற்றில் இருப்பவர்களுக்கும் பசி. சேற்றில் நன்றாகப் புரண்டு பூசிக்கொண்டது. உடனே கிளம்பியது.

மஞ்சள்மூக்கி மேலே பறந்து பின்தொடர்ந்தது. பேச மாட்டேன் என்றுதானே சொன்னது? பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே!

வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. செங்கமலம் இறங்கி நீந்திக் கரையேறியது. பாதிச் சேறு தண்ணீரோடு போயிற்று. மைனா அலகைத் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு வேல மரம். முதுகு அரித்ததென்று செங்கமலம் அதில் நன்றாகத் தேய்த்துக்கொண்டது. மீதிச் சேறும் மரத்தோடு போயிற்று.

'சொல்லிடலாமா? சொன்னா திட்டுவாங்களே! எனக்கென்ன வந்துச்சு?' என்று மைனா தனக்குள்ளேயே மல்லுக்கட்டியது.

அதற்கப்பால் ஒரே பொட்டல். மரம் இல்லை, புதர் இல்லை. வெள்ளை முதுகு பளபளக்கச் செங்கமலம் அதில் நடந்தது. தோல் சுருக்கென்றபோதும், 'பூசியாச்சே, எப்படி எரியும்?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. நடுப்பொட்டலில் கால்கள் தள்ளாடின. மூச்சு வாங்கியது. பொத்தென்று விழுந்தது.

மைனாவின் ரோஷம் அந்த நொடியே பறந்து போயிற்று.

"அக்கா! எழுந்திரிங்க அக்கா! உங்க உடம்புல ஒரு பொட்டுச் சேறு இல்லை!"

"மஞ்சள்மூக்கி..." செங்கமலத்துக்குக் குரல் எழும்பவில்லை. "என் குட்டிங்க... காலையிலேர்ந்து உதைச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. இப்ப அசைவே இல்லைடி!"

மைனா அதற்குமேல் நிற்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்குப் பறந்தது. கார்மேகம் அப்போதுதான் உச்சிவேளைச் சேற்றில் புரண்டு, சொட்டச் சொட்டக் கரையேறிக்கொண்டிருந்தது.

"அண்ணே! அக்கா பொட்டல்ல விழுந்து கிடக்காங்க! அசையலை!"

இந்தத் தடவை எருமை தூங்கவில்லை. முழுவதையும் கேட்டது. கேட்டுக்கொண்டே ஓடத் தொடங்கிவிட்டது. எருமை ஓடியதை அந்தக் காடு அதற்குமுன் பார்த்ததில்லை. ஓடையில் இறங்கினால் சேறு கரைந்துவிடும் என்று, மேட்டுப் பாறைகளின் மேல் சுற்றிக்கொண்டு ஓடியது.

பொட்டலை அடைந்ததும் வெயிலுக்கும் செங்கமலத்துக்கும் நடுவில் சுவர் போல நின்றது. தன் உடம்பிலிருந்த ஈரச் சேற்றை அதன் முதுகிலும் விலாவிலும் தேய்த்தது. எருமையின் உடம்பு எட்டாத இடத்துக்கு மைனா போயிற்று. கார்மேகத்தின் வயிற்றிலிருந்து அலகலகாகச் சேற்றை எடுத்து, வெந்துபோயிருந்த காது மடல்களில் மெல்ல மெல்ல அப்பியது.

இருவரும் செங்கமலத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று செங்கமலத்தின் வயிறு ஒரு பக்கம் துள்ளியது!

"உதைக்குது!" என்றது செங்கமலம். "அண்ணே, உதைக்குது! இன்னொண்ணும் உதைக்குது!" சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதது. அதைப் பார்த்து மைனாவும் அழுதது.

கார்மேகத்தின் நிழலிலேயே நடந்து, வெயில் தாழ்வதற்குள் மூவரும் ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"சுவர் மாதிரின்னு நினைச்சுட்டேன் அண்ணே" என்றது செங்கமலம், வெட்கத்தோடு.

"சுவர் நின்ன இடத்துலயே நிக்குது, தங்கச்சி. அதனால பூச்சும் நிக்குது. நீ நடக்கிறே, நீந்துறே, முதுகு சொறியிறே. உயிரோட இருக்கிற உடம்புல பூச்சு தேயத்தான் செய்யும். தேய்ஞ்சா என்ன? ஏரி எங்க போயிடுச்சு? மறுபடியும் பூசிக்க வேண்டியதுதானே!"

"நீங்க மட்டும் உச்சிவேளையில மறுபடியும் பூசாம இருந்திருந்தா, எனக்குப் பூச உங்ககிட்ட என்ன இருந்திருக்கும் அண்ணே! அந்தச் சேத்துக்கு நான் ஏழு பிறப்புக்கும் கடமைப்பட்டவ."

பிறகு அது மைனாவைத் தேடியது. மஞ்சள்மூக்கி தள்ளி ஒரு கோரைப்புல்லில் உட்கார்ந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா. ஓடையிலயே சொல்லியிருக்கணும். ரோஷத்துல வாயை மூடிக்கிட்டேன்" என்றது மைனா.

"மூடச் சொன்னவ நான்தானே! இனிமே நான் எத்தனை திட்டினாலும் மூடாதே!"

சில நாட்களில் ஏரிக்கரைப் புதரில் செங்கமலம் குட்டி போட்டது. எல்லாம் தாயைப் போலவே வெள்ளை. தோல் அத்தனை மெல்லிசு, வெயில் பட்டாலே கன்றிவிடும்.

ஒருநாள் காலையில் தாயும் குட்டிகளும் சேறு பூசிக்கொண்டு கரையேறிப் படுத்தார்கள். குட்டிகள் பால் குடித்தபடியே தூங்கிப்போயின. உச்சி வெயில் வந்தது. மஞ்சள்மூக்கி கிளையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. குட்டிகளின் முதுகில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால், தூங்குகிற பிள்ளைகளை எப்படி எழுப்புவது? மைனா தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்தது.

செங்கமலம் ஒரு கண்ணைத் திறந்தது. "ஏண்டி சும்மா உட்கார்ந்திருக்கே? உன் சத்தம் கேட்காட்டி எனக்குப் பயமா இருக்கு. கத்துடி, என் தங்கமே! எழுப்பு எல்லாரையும்!"

"மறுபடியும்!" என்று மஞ்சள்மூக்கி ஏரி அதிரக் கத்தியது. குட்டிகள் அலறியடித்துக்கொண்டு எழுந்து, முணுமுணுத்தபடி சேற்றை நோக்கி ஓடின. பின்னால் போன செங்கமலம், "சித்திக்கு நன்றி சொல்லிட்டு இறங்குங்கடா!" என்றது.

ஒருமுறை தேடிக்கொண்ட காவல் நாள் முழுவதும் நிற்காது. அதை மறுபடியும் மறுபடியும் நமக்கு நினைவூட்டுகிறவரின் தொணதொணப்பு நன்றியோடு கேட்க வேண்டிய அன்பு.