பாடிய மூட்டை

பனி இறங்கினால் பக்கத்து மரமே தெரியாத ஒரு காட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, விலங்குகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போயின. காட்டோரத்து மாதா கோயில் ஜன்னலடியில் நின்று கேட்டுக் கேட்டுப் படித்த பாட்டு அது.

“கதவைத் திறவுங்கள், குளிர் வாட்டுதே!
பாலன் தூங்க இடம் தாருங்கள்!”

இந்த வரி வந்தால் போதும், பாட்டுக் கூட்டத்தின் தலைவரான நரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். ஏழைகளுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்த பழமும் கிழங்கும் பஞ்சும் கரடியின் முதுகில் பெரிய மூட்டையாகச் சேர்ந்துவிட்டன.

“இதை எப்போது கொடுக்கப் போகிறோம்?” என்று கேட்டது ஆமை.

“முதலில் மூட்டை நிறையட்டும்” என்றது நரி.

“இங்கேதான் எங்கேயோ சுண்டெலியின் வளை இருக்கிறது. மூன்று நாளைக்கு முன்புதான் குட்டி போட்டிருக்கிறாள்.”

“அவளிடம் நமக்குக் கொடுக்க என்ன இருக்கும்? இங்கே நிற்பது வீண்.”

ஆனால் கரடிக்கு முதுகு வலித்தது. மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டது. எதன்மேல் போட்டோம் என்று அது குனிந்து பார்க்கவில்லை. ஓய்வெடுத்த நேரத்தில் எல்லோரும் உரக்க இரண்டு முறை பாடினார்கள்.

பாடி முடித்து வாயை மூடினார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

“கதவைத் திறவுங்கள்…”

“யார் பாடுவது?” என்றது நரி.

“நான் இல்லை” என்றது கரடி. “நானும் இல்லை” என்றது மான்.

“குளிர் வாட்டுதே…”

குரல் மூட்டையிலிருந்து வந்தது! நரிக்கு ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. “மூட்டையில் பேய் புகுந்துவிட்டது! ஓடுங்கள்!” என்று அலறியது. எல்லோரும் பனிக்குள் மறைந்தார்கள்.

ஆமையும் ஓடத்தான் பார்த்தது. நான்கு அடி வைப்பதற்குள் தன்னந்தனியாகிவிட்டது.

“பாலன்… பாலன்…”

குரல் திக்கித் திக்கி வந்தது. பேய்க்கு மூச்சு முட்டுமா என்று ஆமை யோசித்தது. பயத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டே திரும்பி வந்து, மூட்டையை முட்டி முட்டித் தள்ளியது.

மூட்டை உருண்டது. அடியில் ஒரு வளை இருந்தது. மூச்சுக்குத் தவித்து வாயைப் பிளந்தபடி சுண்டெலி தலையை நீட்டியது. அதன் மூன்று குட்டிகளும் சில்லிட்டுக் கிடந்தன.

ஆமை மூட்டையைக் கடித்துக் கிழித்தது. குட்டிகளைப் பஞ்சில் சுற்றியது. முதல் குட்டி கீச்சிட்டது. இரண்டாவதும் கீச்சிட்டது. மூன்றாவது நெடுநேரம் அசையவே இல்லை. பிறகு அதுவும் மெல்லக் காலை உதைத்தது.

நரி மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. “ஏனம்மா, ‘காப்பாற்றுங்கள்’ என்று கத்தக் கூடாதா? எங்களை நடுங்க வைத்துவிட்டாயே!” என்று சிடுசிடுத்தது.

“கத்தினேன் ஐயா. நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள், ஒருவர் காதிலும் விழவில்லை” என்றது சுண்டெலி. “உங்கள் பாட்டையே பாடினாலாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன்.”

நீதி: பாட்டைக் கேட்டு உருகுவது தர்மம் ஆகாது, பக்கத்தில் தவிப்பவரின் குரலைக் கேட்டு உதவுவதே தர்மம்.