சுனைவாசலும் சருகுமானின் குளம்பும்

கரும்பாறைக் காட்டில் தும்பை என்று ஒரு சருகுமான் இருந்தது. உடம்பெல்லாம் தும்பைப்பூ உதிர்ந்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். உருவம் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் வாய் யானை அளவு! நியாயம் கேட்க ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் அது விடாது.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. குட்டைகள் வெடித்தன. பாறைப் பிளவுக்குள் இருந்த சுனையில் மட்டும்தான் தண்ணீர். தும்பைக்குப் பால்குடி மறக்காத குட்டி ஒன்று இருந்தது. அதன் பெயர் பிஞ்சு. தாய் தண்ணீர் குடித்தால்தான் குட்டிக்குப் பால். ஆகவே பிஞ்சுவைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தும்பை சுனைக்கு ஓடியது.

சுனைவாசலை மேலிருந்து கீழ்வரை அடைத்து ஒரு முள்கதவு! அதன் ஓரத்தில் நீளமாக ஒரு மரக்கட்டை. கட்டை முழுக்கக் குழிகள். கட்டைக்கு மேலே ஒரு கொடியைப் பிடித்தபடி பச்சையக்கா உட்கார்ந்திருந்தது. பச்சையக்கா ஒரு கிளி.

போன கோடையில் பக்கத்துக் காட்டுப் பன்றிகள் வந்து சுனையில் புரண்டு சேறாக்கிவிட்டன. "நம் காட்டுக்காரர்கள் மட்டும் குடிக்க ஒரு வழி வேண்டும்" என்று எல்லாரும் கேட்டார்கள். மரங்கொத்தி செங்கொண்டையார் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மழைக்காலத்தில் புதிதாக விழுந்த இலவமரத்தில் ஒவ்வொரு விலங்கின் கால் அளவுக்கும் ஒரு குழி கொத்தினார். பாவம், அலகு மழுங்கும்வரை கொத்தினார். தும்பையும் அப்போது மழையில் நனைந்துகொண்டு வரிசையில் நின்று அளவு கொடுத்திருந்தது. கோடை தொடங்கியதும் கதவு வந்தது. இனிமேல் அவரவர் குழியில் அவரவர் காலை வைக்க வேண்டும். கச்சிதமாகப் பொருந்தினால் கிளி கொடியை இழுக்கும், கதவு திறக்கும். இதுதான் ஏற்பாடு.

"வணக்கம்! உங்கள் வருகை எங்களுக்கு முக்கியம். உங்கள் குழியில் காலை வைக்கவும்!" என்றது பச்சையக்கா.

தும்பை முன்னங்காலை வைத்தது. குளம்பு உள்ளே போகவில்லை. அழுத்தியது. அப்போதும் போகவில்லை.

"கால் பொருந்தவில்லை. நீங்கள் நீங்கள் இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்!"

"நான் நான் இல்லையென்றால், பிறகு யாராம்?"

"இந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. நன்றி!"

"பச்சையக்கா! என்னைத் தெரியவில்லையா? உன் கூட்டுக்குக் கீழே நான் அத்திப்பழம் பொறுக்குவேனே! நீதானே மேலிருந்து தள்ளிவிடுவாய்!"

பச்சையக்காவின் கண் ஒரு கணம் தும்பையின் மேல் நின்றது. பிறகு கழுத்தைத் திருப்பிக்கொண்டது. "முகம் செல்லாது. கால்தான் செல்லும்."

அந்த நேரத்தில் ஒரு முயல் வந்தது. தன் குழியில் காலை அமுக்கியது. மெத்தென்ற பாதம் நசுங்கி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கதவு திறந்தது.

"பார்த்தாயா தும்பை? எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது. உன் காலில்தான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது முயல்.

தும்பைக்கு உச்சந்தலை சூடேறியது. என் காலா கோளாறு? அது கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டையின் முனையில் நீள நீளமாக வெடிப்புகள். உடனே தும்பைக்கு விஷயம் பிடிபட்டது. மழையில் ஊறியிருந்த பச்சை மரம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது! மரம் சுருங்கினால் குழியும் சுருங்காதா? முயலின் பாதம் நசுங்கும். குளம்பு நசுங்குமா?

"பச்சையக்கா! என் கால் மாறவில்லை, உங்கள் கட்டைதான் மாறிவிட்டது!"

"குறைகளைக் கட்டையில் கால் வைத்துப் பதிவு செய்யவும்."

"கால் பொருந்தவில்லை என்பதுதானே குறை!"

"கால் பொருந்தினால் குறை பதிவாகும். நன்றி!"

கதவுக்கு உள்ளேயிருந்து 'சளக், சளக்' என்று யாரோ தண்ணீரில் புரளும் சத்தம் கேட்டது.

"அது யார்? முயல் புரண்டால் இவ்வளவு சத்தம் வராதே!"

"தகுதியுள்ளவர்கள் பயன்பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்" என்றது பச்சையக்கா.

தும்பை நேரே செங்கொண்டையார் குடியிருந்த மரத்துக்கு ஓடியது. அவர் உச்சிப் பொந்தில் இருப்பார். அந்தப் பொந்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். அதனால் அவர் சுனைப்பக்கம் வந்ததே இல்லை. தும்பைக்கு மரம் ஏறத் தெரியாது. கீழே நின்று அண்ணாந்து கத்தியது.

"ஐயா! சுனைக் கதவு திறக்கமாட்டேன் என்கிறது!"

"திறக்காமல் இருக்கத்தானம்மா கதவு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

"எங்களுக்குமா?"

"நீங்கள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கால் பொருந்தினால்தானே தெரியும்!"

"மரம் சுருங்கிவிட்டது ஐயா. குளம்பு உள்ள யாரும் போக முடியவில்லை. கொஞ்சம் இறங்கி வந்து பாருங்கள்!"

"இதோ பாரும்மா, இதுவரை ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது!"

"பதிவு செய்ய முடியாததால் பதிவாகவில்லை! சரி, புதுக் குழியாவது வெட்டிக் கொடுங்கள்."

"மரம் ஈரமாக இருக்கும்போதுதான் வெட்டுவோம். மழைக்காலத்தில் வா."

"மழைக்காலத்தில் எனக்கு உங்கள் சுனை எதற்கு? அண்ணாந்து வாயைத் திறந்தால் போதாதா!"

 செங்கொண்டையார் தலையை உள்ளே இழுத்துத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். தும்பை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. 'டொக், டொக்' என்று அலகு மரத்தில் இடிக்கும் சத்தம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் பிஞ்சு பால் குடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வரவே மாட்டேங்குது" என்றது.  அவ்வளவு பேசுகிற தும்பை குட்டியின் தலையை நக்கிக்கொடுக்க மட்டும்தான் செய்தது.

புதருக்கு வெளியே சருகு சரசரத்தது. காலையில் பார்த்த முயல் நின்றுகொண்டிருந்தது. அதன் நீளக் காதுகள் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"காலையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். காதை முக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். குட்டி நக்கிக்கொள்ளட்டும், சீக்கிரம்! காய்ந்துவிடும்!"

பிஞ்சு ஆவலோடு நக்கியது. கூச்சத்தில் முயல் நெளிந்து குதித்தது. அந்த நிலையிலும் தும்பைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு முயலின் காதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

மறுநாள் விடிந்ததும் தும்பை பிஞ்சுவையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராகச் சுனைவாசலுக்குப் போனது. அங்கே புள்ளிமான்களும் கடமான்களும் காட்டெருமைகளும் நாக்கைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தன. ஒவ்வொன்றும் தன் குழியில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து விலகியது. தண்ணீர் குடிக்க வந்த முயலும் ஓரமாக நின்றிருந்தது.

"பச்சையக்கா! உனக்கென்ன? சுனையைக் கட்டிக்கொண்டு குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறாய். நாங்கள் செத்தால் உனக்கென்ன, இருந்தால் உனக்கென்ன! சொன்னதையே திருப்பிச் சொல்ல ஒரு கிளி எதற்கு? பாறையில் மோதிய எதிரொலி போதாதா?"

"வணக்கம். உங்கள் வருகை எங்களுக்கு..." என்று ஆரம்பித்தது பச்சையக்கா. அதற்கு மேல் குரல் வரவில்லை. பிடி தளர்ந்து 'பொத்'தென்று கீழே விழுந்தது.

தும்பை பதறிப்போய்க் குனிந்தது. பச்சையக்காவின் நாக்கு சுருங்கிப் போயிருந்தது. தும்பை பிஞ்சுவுக்காகக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த அத்திப்பழத்தை மென்று, அதன் சாற்றை அலகுக்குள் விட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையக்கா கண் திறந்தது.

"நானும் குடிக்கவில்லை தும்பை. பனியை நக்கித்தான் உயிர் வாழ்கிறேன்."

"கதவுக்கொடியே உன் கையில் இருக்கிறதே!"

"எனக்குக் குழி இல்லையே! 'நீ எந்நேரமும் வாசலில்தானே இருக்கப்போகிறாய், உனக்கு எதற்குக் குழி?' என்று செங்கொண்டையார் வெட்டவே இல்லை. குழி இல்லாதவர் உள்ளே போகக்கூடாது. கொடியை இழுத்துப் பிடிப்பவளே விதியை மீறலாமா?"

தும்பைக்கு வெட்கமாகிவிட்டது. நேற்றிலிருந்து யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்! கதவுக்கு வெளியே தவித்தவர்களில் ஒருத்தியைத்தானா இவ்வளவு பேச்சுப் பேசினோம்!

"என்னை மன்னித்துவிடு அக்கா. சரி, செங்கொண்டையாருக்குக் குழி உண்டா?"

"செய்தவருக்கு எதற்குக் குழி என்று தனக்கும் வெட்டிக்கொள்ளவில்லை."

தும்பையின் காதுகள் நிமிர்ந்தன. "அப்படியா! அவர் பொந்திலும் தண்ணீர் அடி தட்டிவிட்டது. நேற்று என் காதால் கேட்டேன். முயலே, நீ ஓடு! சுனைவாசலில் அவருக்குப் பாராட்டு விழா என்று சொல். இன்றைக்கே, உச்சி வெயிலில்!"

பாராட்டு விழா என்றதும் செங்கொண்டையார் கொண்டையைச் சீவிக்கொண்டு பறந்து வந்தார். தேக்கிலை ஒன்றைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். தும்பை வரவேற்புரை ஆற்ற எழுந்தது.

"அலகால் உலகாளும் அண்ணலே!" என்று ஆரம்பித்தது. அவரது அலகைப் புகழ்ந்தது. கொண்டையைப் புகழ்ந்தது. கொண்டையின் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகப் புகழ்ந்தது. அவர் பிறந்த மரத்தின் வேர்வரைக்கும் போனது. வெயில் கொளுத்தியது. செங்கொண்டையார் எச்சில் விழுங்கினார். பிறகு விழுங்க எச்சிலும் இல்லை.

"அம்மா, போதுமே..." என்றார்.

"முடிக்கப்போகிறேன் ஐயா! முடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை!" என்று தும்பை மறுபடி அலகிலிருந்து தொடங்கியது.

"தாகமாக இருக்கிறது அம்மா!"

"ஐயோ, சொல்லக்கூடாதா? உங்கள் வாசல், உங்கள் சுனை. முதல் வாய் நீங்கள்தான் குடிக்க வேண்டும்!"

செங்கொண்டையார் கதவருகே தத்திப் போனார். பச்சையக்கா கொடியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தது.

"வணக்கம்! உங்கள் வருகை எங்களுக்கு முக்கியம். உங்கள் குழியில் காலை வைக்கவும்!"

"விளையாடாதே! நான்தான் இதைச் செய்தவன்!"

"செய்தவர் நீங்கள்தானா என்று பார்க்கக் கால் பொருந்த வேண்டும்."

"எனக்குக் குழியே இல்லையே!"

"குழி இல்லாதவர் நம் காட்டுக்காரர் இல்லை. புதுக் குழி மழைக்காலத்தில் வெட்டப்படும். நன்றி!"

"என்ன முட்டாள்தனம் இது! நான் நான்தான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியுமே! அதுவரை நான் என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது?"

 கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விகளை அவர்கள் எல்லாரும் அதே இடத்தில் நின்று கேட்டிருந்தார்கள். செங்கொண்டையார் திரும்பிப் பார்த்தார். தொங்கும் நாக்குகளைப் பார்த்தார். குளம்பு ஓரம் உரிந்த கால்களைப் பார்த்தார். தும்பையின் மடியை முட்டி முட்டி ஏமாந்து நின்ற பிஞ்சுவைப் பார்த்தார்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று மெல்லக் கேட்டார்.

"கதவு வந்த நாளாக" என்றது தும்பை. 

செங்கொண்டையார் பொன்னாடையை உதறினார். மழுங்கிய அலகால் கதவின் முளைக்குச்சியைக் கொத்தினார். வாய் உலர்ந்த நிலையிலும் நிறுத்தாமல் கொத்தினார். முளை உடைந்தது. கதவு சாய்ந்தது. எல்லாரும் உள்ளே நுழைந்து, பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கே சுனையின் ஓரச் சேற்றில் பக்கத்துக் காட்டுப் பன்றிகள் மல்லாந்து படுத்திருந்தன! சத்தத்துக்குப் பயந்து வாசலோரமே குடித்துவிட்டு ஓடிவிடும் முயல் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"யாருடா அது, கதவைத் தட்டாமல் வருவது?" என்று கேட்டது ஒரு பன்றி.

"நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள்? கட்டையில் கால் வைத்தீர்களா?" என்று பச்சையக்கா கத்தியது.

"எந்தக் கட்டை? நாங்கள் பின்பக்க மண்ணைத் தோண்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டோம். எங்களிடம் யாரும் கால் கேட்கவில்லையே!"

அவ்வளவுதான்! காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது. மான்கள் குளம்பைத் தூக்கின. செங்கொண்டையார் பன்றிகளின் மண்டையில் 'டொக் டொக்' என்று போட்டார். பன்றிகள் வாசல் வழியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடின. "உங்கள் வருகை எங்களுக்கு முக்கியமே இல்லை! மீண்டும் முயற்சிக்க வேண்டாம்!" என்று பச்சையக்கா பின்னாலிருந்து கூவியது.

பாறையடியில் தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. முதலில் குடிக்கும்படி எல்லாரும் செங்கொண்டையாரைப் பார்த்தார்கள். அவர் தத்தித் தத்திப் பின்னால் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

"பச்சை, நீ போ முதலில்" என்றார்.

பச்சையக்கா பழக்கதோஷத்தில் காலை வைக்க ஒரு குழியைத் தேடியது. பிறகு தன்னையே பார்த்து, "உள்ளே செல்லலாம்!" என்று சொல்லிக்கொண்டு பறந்து போய்க் குடித்தது.

அதன் பின்னால் தும்பை போய் வயிறு நிறையக் குடித்தது. அன்று சாயங்காலம் பிஞ்சு பால் குடித்தபடி மடியை முட்டி விளையாடியது. அடுத்த நாளே செங்கொண்டையார் பன்றிகள் தோண்டிய பின்பக்க வழியை அடைக்கக் கல் தேடிக்கொண்டு, தும்பையின் வாதங்களைக் கேட்டபடி, சுனையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

நாலு பேருக்கு வாசல் அமைப்பவர், முதலில் தாமே தாகத்தோடு அதன் வெளியே நின்று பார்க்க வேண்டும்.