பல்லக்கில் வந்த கேள்வி

முன்னொரு காலத்தில், தப்பு செய்தவனை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டால் நாட்டில் தப்பே இருக்காது என்று ராஜாக்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கோவரையர் என்றொரு ராஜா இருந்தார். அவர் சபையில் சாத்தப்பன் என்றொரு விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அதைப் பார்த்துச் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது தலைமைப் புலவர் வல்லபராயரின் வேலை. இருவருமே வேலையில் கெட்டி.

ஒரு வருஷம் அரண்மனை எழுத்தர் வேலைக்குத் தேர்வு நடந்தது. கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கிரகணம் எந்த நாழிகையில் பிடிக்கும் என்று மூவரும் பிசகாமல் கணித்திருந்தார்கள். ஏரி உடைந்தால் தண்ணீர் எந்த ஊரை முதலில் தொடும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதல் கேள்வியிலேயே மூவரும் குப்புற விழுந்திருந்தார்கள்.

அந்தக் கேள்வி இதுதான்: கூடையில் முப்பது மாம்பழம். பத்தைத் தவிர மற்றதெல்லாம் அழுகிவிட்டது. நல்ல பழம் எத்தனை?

மூவரும் இருபது என்று எழுதிவிட்டார்கள். நீங்களும் இருபது என்று சொல்லியிருந்தால் வெளியில் காட்டிக்கொள்ளாமல் மேலே படியுங்கள். பத்துதான்.

ராஜாவுக்கு வந்ததே கோபம். "மாம்பழம் எண்ணத் தெரியாதவனா என் கருவூலக் கணக்கை எழுதப் போகிறான்? இனி இந்தச் சபையில் எளிய கேள்விக்குத் தவறான விடை சொல்பவர் எவராயினும் மறுநாள் விடியலில் உப்பளத்துக்குப் புறப்பட வேண்டும். இது நம் ஆணை."

"எவராயினுமா, மன்னா?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"எவராயினும்."

மூவரும் நின்ற கோலத்தைச் சாத்தப்பனால் பார்க்க முடியவில்லை. "இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே, மன்னா" என்று முனகினான்.

வல்லபராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். "கொடுக்கலாம் அரசே. விகடர் இவ்வளவு இரங்குவதால் அவரே இவர்களுக்குப் பாடம் சொல்லட்டும். நாளை அடியேன் வினா எழுதித் தருகிறேன். ஒருவர் தவறினாலும் விகடரும் அவர்களுடன் உப்பளம் போகட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. சாத்தப்பனும் ஒரு வரம் கேட்டான். "வினாக்களை அவைக்குள் கொண்டுவரும் வேலையை மட்டும் எனக்குத் தாருங்கள்."

"ஓர் எழுத்தும் மாறக் கூடாது" என்றார் வல்லபராயர்.

"தூக்கி வருபவன் மட்டும்தான் ஐயா நான்."

அன்று பிற்பகல் மூவரையும் பல்லக்குக் கொட்டகையில் உட்கார வைத்தான் சாத்தப்பன். அவர்களில் மூத்தவன் இளவேட்டன், தறிக்காரர் மகன். வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டவன்.

"மாம்பழக் கணக்கை எப்படிப்பா போட்டே?"

"எங்கய்யா போட்டேன்? மாம்பழந்தானேன்னு பார்த்ததுமே எழுதிட்டேன்."

"கிரகணம்?"

"அதை நாலு தரம் படிச்சேன். வேர்த்தே போச்சு."

"அப்போ கிரகணம் வந்தா எழுந்து நிக்கிறே. மாம்பழம் வந்தா முகத்தைக்கூடப் பார்க்கிறதில்லே."

இளவேட்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "பாடம் எப்போய்யா ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சு போச்சே" என்றான் சாத்தப்பன். பிறகு பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் போய் ஏதோ பேசினான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. வல்லபராயர் நான்கு ஓலைகளைக் கொடுத்தார். மூன்று, தலைமுடியைப் பிய்க்க வைக்கும் கணக்குகள். நான்காவது குழந்தைக் கணக்கு. சாத்தப்பன் வெளியே போனான். கடினமான மூன்றையும் ஒரு பழைய காய்கறிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அப்புறம் சங்கு முழங்கியது. குடை பிடித்து, சாமரம் வீசி, எட்டுப் பேர் ஒரு பல்லக்கைத் தூக்கி வந்தார்கள். உள்ளே பட்டு மெத்தையில் ஒற்றை ஓலை.

மூவரும் பதறி எழுந்தார்கள். கூடைக் கணக்குகளை வழக்கம்போல் வேர்வை சிந்திப் போட்டுவிட்டு, பல்லக்கு ஓலையை இரண்டு கையாலும் எடுத்தார்கள். 'நேர்வரிசையில் பத்துத் தூண்கள். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே ஒரு தோரணம். தோரணங்கள் எத்தனை?'

இவ்வளவு மரியாதையோடு வந்த கேள்வி, இவ்வளவுதானா என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் படித்தார்கள். இளவேட்டன் இரண்டு கைகளையும் விரித்து, கட்டைவிரலோடு கட்டைவிரலை ஒட்டி வைத்து, விரல் இடுக்குகளை எண்ணிப் பார்த்தான். பிறகுதான் எழுதினான்.

வல்லபராயர் விடைகளை வாங்கிப் பார்த்தார். கடினமானவை மூன்றும் சரி. நான்காவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அரசே, மூவருமே ஒன்பது என்கிறார்கள்."

"ஒன்பதா?" ராஜா தொடையில் தட்டினார். "பத்துத் தூணுக்குப் பத்துத் தோரணம். இதுகூடவா தெரியாது?"

"பத்தேதான் அரசே. நால்வரும் மூட்டை கட்டலாம்."

இளவேட்டன் கண் கலங்கிவிட்டது. சாத்தப்பன் அவன் தோளைத் தொட்டுவிட்டு ராஜாவின் முன்னால் வந்து நின்றான். "போகிறோம் மன்னா. போவதற்கு முன் தங்கள் வலப்புறம் ஒருமுறை பார்க்க வேண்டும்."

ராஜா பார்த்தார். அவர் தினமும் பார்க்கிற தூண்கள்தான். சரியாகப் பத்து. நடுவே மாவிலைத் தோரணங்கள். விரல் நீட்டி எண்ணினார். ஒன்பது. மறுகோடியிலிருந்து எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான். வல்லபராயரும் எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

எவராயினும் என்ற ஆணை எல்லோர் மனத்திலும் ஓடியது. யார் அதை வாய்விட்டுச் சொல்வது?

சாத்தப்பன் பணிவாகக் குனிந்தான். "உப்பளம் தூரம், மன்னா. நடந்து போக வேண்டாமென்றுதான் பல்லக்கைத் திருப்பி அனுப்பவில்லை. இருவர் தாராளமாக உட்காரலாம்."

ராஜா அவனை முறைத்தார். பல்லக்கைப் பார்த்தார். பக்கத்தில் வெளிறி நின்ற வல்லபராயரைப் பார்த்தார். அந்தப் பல்லக்கில் இவரோடு முட்டி இடிக்க உப்பளம் வரை போவதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்தவர், கிரீடம் காதுவரை சரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஆணை அப்போதே ரத்தாயிற்று. மூவருக்கும் வேலை கிடைத்தது. சாத்தப்பனுக்கு முத்து மாலை போட்டு, அதே பல்லக்கில் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார் ராஜா.

"வீடு எங்கேங்க?" என்று கேட்டார்கள் தூக்குகிறவர்கள்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மாலையைத் தடவியபடியே சொன்னான் சாத்தப்பன், "கோயில் தெரு, மூணாவது வீடு." எந்தக் கோடியிலிருந்து மூன்றாவது என்று சொல்லவில்லை. பல்லக்கு இறங்கியது வல்லபராயர் வாசலில்.

மறுநாள் இதைக் கேட்ட ராஜா மறுபடியும் சிரித்தார். வல்லபராயர் சிரிக்கவில்லை. ஆனால் வந்தவனுக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டிருந்தார்.